முழங்காலுக்கு மூன்றரை இஞ்ச்

2024 மே 6, திங்கள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. எசெக்கியேலின் இடது முழங்காலுக்கு நான்கு இஞ்ச் தண்ணீர் வந்ததாக எழுதியிருந்தேன். இன்று சாயங்கால வகுப்புக்குப் போகும் வழியில் தோட்டத்துக்காரருக்குப் போன் செய்து கேட்டேன், மூன்றரைதான். நான்கு இஞ்ச் வந்தது பிப்ரவரியில், அது வலது முழங்காலுக்கு. அங்கங்கே துண்டு துண்டாக எழுதி வைத்ததால் இந்தக் குழப்பம். எனவே ஆரம்பத்திலிருந்து வரிசையாக இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

எசெக்கியேல் பெரால்தா அர்ஜென்டினாவின் வடக்கே சந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்தில் பிறந்தவன். 2023 ஜூன் பதினான்காம் தேதி, பத்தொன்பது வயதில், ஒரே ஒரு பையோடு கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கினான். அவனை வரவழைத்தவர் எங்கள் மில் முதலாளி ரவிதேஜா. அவருடைய தாத்தா ராமுலு நாயுடு, மனைவி பங்காரம்மா பெயரில் பீளமேட்டுப் பக்கம் தொடங்கிய நூல் மில்லில் தொழிலாளர்களுக்கென்று ஒரு கால்பந்து அணி வெகுகாலமாக இருந்தது. ரவிதேஜா அதைக் கிளப் ஆக்கி, நீலச் சட்டை தைத்து, மாவட்ட லீக்கில் சேர்த்து, வெளிநாட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று தீர்மானித்தார். ஏஜென்ட் அனுப்பிய ஆறு பேரில் விசா கிடைத்தது இவனுக்கு மட்டும். ஒப்பந்தம் பத்து மாதம். அவன் மனதில் இருந்த திட்டம் எளிமையானது: பத்து மாதம் இங்கே ஆடுவது, பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏதாவதொரு பெரிய கிளப்பின் ஆள் வந்து பார்ப்பது, அங்கிருந்து போர்ச்சுகலுக்கோ வேறெங்கோ போவது. ஆட்டம் தெரிந்த ஒருவர் தன் ஆட்டத்தை ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மில்லின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் நான், எங்களிடம் நூல் வாங்கும் பெரு நாட்டுக்காரர்களின் கடிதங்களுக்காகக் காந்திபுரத்தில் சாயங்கால ஸ்பானிய வகுப்பில் சேர்ந்திருந்ததால், அவனுக்கு மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போது இரண்டாம் நிலைப் புத்தகத்தில் பாதிதான் முடித்திருந்தேன்.

அவன் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அணியின் கோல்கீப்பர் ரிஃபத், உக்கடத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், முதல் நாளே அவனுக்கு எசக்கி என்று பெயர் வைத்துவிட்டார். திருநெல்வேலிக்காரர் பெயர் போல இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, "இருந்துட்டுப் போகுதுங்க. திருநெல்வேலிக்காரன்னா ரேஷன் கார்டாச்சும் கிடைக்கும்" என்றார்.

ஜூலை இரண்டாம் தேதி முதல் ஆட்டம், ஒரு கல்லூரி மைதானத்தில். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் எசெக்கியேல் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் சறுக்கி வந்து தன் காலால் அவன் காலை வெட்டினார். அவன் இடுப்பு மண்ணில் பட்ட இடத்தில் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது. இடைவேளைக்குள் அந்தப் பக்கம் முழுவதும் கணுக்கால் அளவுத் தண்ணீர் நின்றது. சிறுவாணிக் குழாய் உடைந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து ஆறடி தோண்டிப் பார்த்தார்கள். அங்கே குழாயே இல்லை. கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்ததில், கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் நூற்று எண்பது என்று வந்தது. குடிக்கலாம். அடுத்து நடந்த நான்கு ஆட்டங்களில் இரண்டு இப்படியே நின்றுபோயின. ஆட்டம் நின்றதற்குக் காரணம் எழுதும் படிவத்தில் மழை, வெளிச்சமின்மை, கலவரம் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. மேகமே இல்லாத வானத்தின் கீழ் நடுவர் இரண்டு முறையும் மழை என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். எசெக்கியேலிடம் கேட்டதில், ஊரில் பல்லாயிரம் முறை விழுந்திருப்பதாகவும் அங்கே புழுதி மட்டும்தான் கிளம்பும் என்றும் சொன்னான். அவனுக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். விழாமல் ஆடப் பழகிக்கொள்வதாக ரவிதேஜாவுக்கு வாக்குக் கொடுத்தான்.

ஆகஸ்டில் அணியை ஒரு நாள் சுற்றிக்காட்ட ரவிதேஜா உடுமலைப்பேட்டைப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே மில்லுக்குச் சொந்தமாகப் பதினான்கு காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழி ஈஸ்வரமூர்த்தி என்பவரின் தென்னந்தோப்புக்குள்தான். வழி விட்டவர் என்பதால் அவர் சொல்வதை மில் குடும்பம் இதுவரை தட்டியதில்லை. ஈஸ்வரமூர்த்தி பதினொரு ஆழ்துளைக் கிணறு போட்டுப் பதினொன்றிலும் தண்ணீர் வராமல் புகை மட்டும் பார்த்தவர். நாங்கள் போன அன்று பன்னிரண்டாவது போர்வெல்லுக்கு இடம் குறிக்க, நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்கவைத்துத் தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் உள்ள இடத்தில் காய் எழுந்து நிற்க வேண்டும். காலையிலிருந்து அது அசையவில்லை. எசெக்கியேல் வேனிலிருந்து இறங்கியதும் காய் எழுந்து நின்றது. அவன் நடக்க நடக்க அதன் குடுமி அவன் பக்கமாகத் திரும்பியது. களத்தில் குவித்திருந்த மூவாயிரம் காய்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடுமி மேலே தெரிய எழுந்து நின்றன. களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தியின் மனைவி சென்னியம்மாள், கால் வைக்க இடமில்லாமல் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றார். நீரோட்டம் பார்க்கிறவர் தன் காயை ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். அவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் தோப்பில் பந்து தட்டினார்கள். ரிஃபத் பந்தைப் பறிக்கும் மும்முரத்தில் எசெக்கியேலின் கணுக்காலைத் தட்டிவிட, அவன் விழ, அந்த இடத்தில் இரண்டு இஞ்ச் கனத்தில் தண்ணீர் பீறிட்டது. இன்றும் அது நிற்கவில்லை. ஈஸ்வரமூர்த்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் போய் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மணி, தம்பி வடக்கால தோப்புலயும் ஒருக்கா உழுந்துபோட்டுப் போகட்டுமேன்னு கேளுங்க. சிரமம் இல்லீன்னா மட்டும்" என்றார்.

எசெக்கியேல் மறுக்கவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் மறுப்பது அவர்கள் ஊரிலும் வழக்கமில்லை. வடக்குத் தோப்பில் மல்லாந்து படுத்தான், ஒன்றும் வரவில்லை. குப்புற விழுந்தான். ஆட்கள் சொல்லிவைத்துத் தள்ளினார்கள். மண் காய்ந்தே கிடந்தது. செப்டம்பருக்குள் விதி என்ன என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பந்து அவன் காலில் இருக்க வேண்டும். அவன் போக நினைக்கும் இடம் அவன் முன்னால் இருக்க வேண்டும். அவன் உண்மையாகவே தாண்டிப் போகப் பார்க்க வேண்டும், எதிரில் இருப்பவர் உண்மையாகவே வெட்ட வேண்டும். ஆகவே தோப்புகளில் மூங்கில் நட்டுக் கோல் கட்டினார்கள். நான்கு தடுப்பாட்டக்காரர்களையும், கோலில் நிற்க ரிஃபத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மரங்களுக்கு இடையே இருபத்தைந்து அடி இடைவெளிதான். அதற்குள் அவன் பந்தைக் கொண்டுபோன விதத்தைப் பற்றி எழுத எனக்குக் கால்பந்து போதுமான அளவு தெரியாது. ரிஃபத்துக்குத் தெரியும். "லீக்ல ஆடுறதெல்லாம் சும்மாங்க. இந்தத் தென்னைக்குள்ள ஆடுறான் பாருங்க, இதை அந்தக் கேரளாக்காரங்க பாக்கோணும்" என்று அவர் மூன்று நான்கு தடவை சொன்னார். பார்த்தவர்கள் தோட்டத்துக்காரர்களும் காங்கேயம் மாடுகளும்தான். எசெக்கியேல் தாண்டிப்போய்க் கோல் அடித்துவிட்டால் தோப்பில் யாரும் கைதட்ட மாட்டார்கள். கோல் என்றால் அவன் விழவில்லை, விழவில்லை என்றால் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு கோலுக்கும் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடுவது கேட்கும்.

நவம்பரில் இன்னொன்றும் தெரிந்தது. கணுக்காலில் அடிபட்டால் இரண்டு இஞ்ச், முழங்கால் என்றால் மூன்றுக்குக் குறைவதில்லை. இதை முதலில் கவனித்தது யார் என்று எனக்குத் தெரியாது. என் நோட்டைப் பார்த்து யாரோ கண்டுபிடித்ததாக ஒரு பேச்சு உண்டு. அதன்பின் ஆட்டம் தொடங்கும் முன் தோட்டத்துக்காரர்கள் தடுப்பாட்டக்காரர்களைத் தனியே அழைத்து, இளநீர் கொடுத்து, "கொஞ்சம் முழங்கால் பக்கமாப் பாத்துக்குங்க கண்ணு" என்று சொல்லத் தொடங்கினார்கள். யாரும் குரலை உயர்த்தியதில்லை. அவன் விழுந்ததும் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள், விசிறுவார்கள், சென்னியம்மாள் நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வருவார். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரையிலான எட்டு மாதத்தில் அவனுக்கு ஒரு கடுஞ்சொல் கூடக் கிடைத்ததில்லை என்பதை நான் உறுதியாக எழுத முடியும்.

இதற்கிடையே மலப்புறத்திலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள், பிப்ரவரி பதினெட்டாம் தேதி அரையிறுதியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். ரிஃபத்தான் யார் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்தார். எசெக்கியேல் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டான். அதற்கு முந்தைய புதன்கிழமைதான் வலது முழங்காலுக்கு நான்கு இஞ்ச் வந்தது. ஆனாலும் நடந்தான், ஓடினான். வியாழக்கிழமை ஈஸ்வரமூர்த்தி மில்லுக்கு வந்தார். தோட்டத்துக்காரர்கள் உடுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிப் பேசினார்களாம். எந்த ஊற்றுக்கும் ஓர் அளவு உண்டு, தம்பிக்கும் இருக்கும், அதை நகரத்து மைதானத்தில் வீணாக்கக் கூடாது என்று ஓய்வு பெற்ற வேளாண்மை அதிகாரி ஒருவர் சொல்லியிருக்கிறார். இது உண்மையா என்று யாரும் சோதித்ததில்லை. "தம்பி அங்க உழுந்தான்னா அந்தத் தண்ணி காலேஜ் கிரவுண்டுக்குத்தானுங்க போகும். அதனால எதிர்ப்பார்ட்டிப் பசங்க அத்தனை பேர் ஊட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டோம், ஒருத்தரும் தம்பியத் தொட வேண்டாம்னு. அவனுக்கும் நல்லதுதானுங்களே, வேணுங்கிற கோலை அடிச்சுக்கட்டும்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. ரவிதேஜாவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கோப்பை ஒரு ஆட்டம் தள்ளித்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். எசெக்கியேலிடம் இதைச் சொல்லத் தேவையான ஸ்பானிய வாக்கியம் மொத்தமும் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் அவன் மனதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேனா, முதலாளி முன் பேசப் பயந்தேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

எதிரணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அணி. அதில் பாதிப் பேர் காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள். தடுப்பாட்டத் தலைவன் நிதீஷ், காங்கேயத்தில் எண்ணெய் ஆலையும் தோப்பும் உள்ள குடும்பம். எசெக்கியேல் விழ வேண்டிய தோட்டங்களின் வரிசையில் நிதீஷின் அப்பா பெயர் காத்திருந்தது. மலப்புறத்துக்காரர் கூரை நிழலில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார். நான்காவது நிமிடத்தில் எசெக்கியேல் முதல் கோல் அடித்தான். ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டாவது. அவன் பந்தோடு வந்தால் எதிரணியினர் விலகி வழி விட்டார்கள், கோயிலுக்குள் நுழையும்போது பெரியவருக்கு வழி விடுவது போல. மூன்றாவது கோலின்போது பின்வரிசை நான்கு பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மலப்புறத்துக்காரர் போனைப் பையில் வைத்தார். எசெக்கியேல் அதைப் பார்த்துவிட்டான். பந்தைக் காலடியில் நிறுத்தி, நிதீஷின் முன்னால் வந்து நின்றான். எங்களிடமிருந்து அவன் கற்றிருந்த தமிழ் கொஞ்சம்தான், ஆனால் மரியாதையோடு கற்றிருந்தான். "தொடுங்க" என்றான். "தொடுங்க."

நிதீஷ் கையைப் பின்னால் இருந்து எடுக்கவில்லை. "அட, நீங்க போங்க. போயி அடிச்சுக்குங்க" என்றான்.

எசெக்கியேல் அங்கேயே நின்றான். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு நடந்துபோய், யாரும் தடுக்காத கோலுக்குள் பந்தைத் தள்ளிவிட்டு வந்தான். கடைசியில் ஏழு பூஜ்யம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சிந்தவில்லை. ஆட்டம் முடிந்ததும் மலப்புறத்துக்காரர் ரவிதேஜாவிடம் கை கொடுத்து, பையன் நல்லவன் என்றும், ஆனால் யாரும் தொடாத ஒருவனை எப்படி அளப்பது என்றும் சொன்னார். அவரைப் பாலக்காட்டுப் பஸ்ஸுக்கு உக்கடத்தில் இறக்கிவிட்டோம். தென்னைக்குள் அவன் ஆடுவதை வந்து பாருங்கள் என்று ரிஃபத் படிக்கட்டு வரை கெஞ்சிக்கொண்டே போனார். தென்னைக்குள் லீக் நடப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டு ஏறினார்.

காரில் எசெக்கியேல் என்னிடம் ஏன் என்று கேட்டான். சொன்னேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். வியாழக்கிழமையிலிருந்து என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே உக்கடம் பெரியகுளத்துத் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்த வரிசையில், தமிழில், விரல்விட்டு எண்ணினான்: வியாழன், வெள்ளி, சனி. அதன்பின் பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை. போனில் இருக்கும் மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளித்துக்கொண்டான்.

இறுதி ஆட்டத்திலும் அவனை யாரும் தொடவில்லை. கோப்பை மில் வரவேற்பறையில் இருக்கிறது. மார்ச் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தபோது ரவிதேஜா மேஜைமேல் இரண்டு காகிதம் வைத்தார்: ஊருக்கு விமான டிக்கெட், இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம். கிளப்பை லீக்கிலிருந்து விலக்கியாகிவிட்டது என்பதை நேர்மையாகவே சொன்னார். புதிய ஒப்பந்தத்திலும் ஆடும் இடம் என்ற வரியில் முன்கள வீரர் என்றுதான் அச்சாகியிருந்தது. அந்த வாரம் அமராவதி அணையின் அடித்தரையில் ஆடு மேய்த்தார்கள். தென்னை மட்டைகள் குடை மடக்கியது போலத் தொங்கின. தோட்டத்துக்காரர்கள் அறுபது எழுபது பேர் மில் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. சென்னியம்மாள் மட்டும் உள்ளே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "போறதுன்னா போயிட்டு வா கண்ணு. உங்கம்மாவும் பாத்துட்டுத்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் உண்மையாகத்தான் சொன்னார். வாசலில் இருந்த அறுபது பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். சென்னியம்மாளின் கண்ணீருக்காக என்று ரவிதேஜா நினைக்கிறார். போக வேறு கிளப் இல்லை என்பதற்காக என்று நான் நினைத்தேன். ரிஃபத் அவனிடமே கேட்டார். "ஏன்டா எசக்கி, முழங்கால் ரெண்டும் போனா அப்புறம் என்னடா பண்ணுவே?" அவன் தமிழில் பதில் சொன்னான்: "தோப்புல மட்டும்தான் என்னைத் தொடுறாங்க."

ஏப்ரலில் இருபத்திரண்டு தோட்டம். தண்ணீர் வருவதை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. அவன் விழுவதற்கு முன்பே வாய்க்கால் வெட்டி வைத்துவிடுகிறார்கள். சொட்டுநீர்க் குழாய் போடுகிற கம்பெனி ஆள் அளவுகோலோடு எங்கள் வேனிலேயே வருகிறார். நேற்று ஈஸ்வரமூர்த்தியின் வடக்குத் தோப்பு. எசெக்கியேல் இரண்டு கோல் அடித்தான். இரண்டு பெருமூச்சு கேட்டது. "பாவம், இன்னொருக்கா ஆடச் சொல்லுங்க அம்மணி, இந்த வாட்டி உழுந்துருவாப்ல" என்றார் சென்னியம்மாள். மூன்றாவது தடவை நான்கு பேரையும் தாண்டி, ரிஃபத்தையும் தாண்டிப் போனானாம். ரிஃபத் கோலில் உட்கார்ந்து, கைதட்டினாராம். நான்காவது தடவை இடது முழங்கால். தண்ணீர் வந்ததும் எல்லாரும் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டார்கள். அவன் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டு, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, என்னைப் பார்த்து, "மூணாவது கோல் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

பார்த்தேன் என்றேன். அந்த நேரத்தில் நான் குனிந்து, அடுத்த தோட்டத்தின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாளை செவ்வாய், காங்கேயம், நிதீஷின் அப்பா தோட்டம். வேன் காலை ஆறரைக்குப் பீளமேட்டிலிருந்து கிளம்பும். தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். நான்காவதாகத் தானே வெட்டுவதாக நிதீஷ் சொல்லியிருக்கிறான். ஐஸ் பெட்டியும் இடது முழங்காலுக்குப் புதுக் கட்டும் எடுத்து வைக்க வேண்டும்.